மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கும்போது பசியையும் எடையையும் எப்படிக் கவனிப்பது

முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: இன்றைய எடை, இடுப்பளவு, கடந்த சில வாரங்களாகப் பசி எப்படி இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனச்சோர்வே பசியைக் குலைக்கிற நோய். சிலருக்குச் சாப்பாடே இறங்காது, சிலருக்கு எந்நேரமும் எதையாவது மெல்லத் தோன்றும். எனக்கு நோய் முற்றியிருந்த மாதங்களில் எந்த உணவும் மண்ணைத் தின்பது போல இருந்தது. உடைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. பின்னால் எடை ஏறியபோது, அதில் எவ்வளவு இழந்தது திரும்பி வந்தது, எவ்வளவு மாத்திரையால் கூடியது என்று பிரித்துப் பார்க்க அந்தத் தாள்தான் உதவியது.

பெரும்பாலானோருக்கு முதலில் கொடுக்கப்படுபவை செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுஆக்சிடின் போன்ற மருந்துகள். இவை செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மேல் வேலை செய்பவை. உடலில் இருக்கும் செரட்டோனினில் பெரும்பகுதி மூளையில் அல்ல, குடலில் இருக்கிறது. அதனால்தான் மனம் தேறத் தொடங்கும் முன்பே வயிறு பேச ஆரம்பித்துவிடுகிறது: குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். மனநிலையில் தெரியும் மாற்றத்துக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தொல்லை முன்னால், பலன் பின்னால் என்று வருகிற இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் இந்த நாட்களைச் சமாளிக்க வழி இருக்கிறது.

டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். எனக்குச் செர்ட்ராலின் காலையில். மதியம் வரை வயிற்றைப் புரட்டும். டாக்டரிடம் கேட்டு இரவு உணவுக்குப் பின் மாற்றிக்கொண்டதும் குமட்டலின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்தது. தூக்கம் கெடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்களுக்குக் காலையே நல்லது. அப்புறம், பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். சூடான உணவின் வாசனையே குமட்டினால் ஆறியதையோ குளிர்ந்ததையோ சாப்பிடலாம்: தயிர், பழம், அவித்த முட்டை. மெல்லவே முடியாத நாளில் பால், சூப் என்று குடிக்கக்கூடியதாக உள்ளே போகட்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வழக்கம்போல் மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாகக் கீழிறங்கலாம். பசி குறைந்ததை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் மாதம் எடை குறைந்தவர்களுக்கே பல மாதங்கள் கழித்து மெல்ல ஏறுவதும் உண்டு. இதைப் பற்றி வரும் பயம் உண்மையைவிடப் பெரியது. அமெரிக்காவில் 1,80,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வு எட்டு மருந்துகளை ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில், சராசரியாகப் பார்த்தால், செர்ட்ராலின் எடுத்தவர்களைவிட எஸ்சிடலோபிராம் எடுத்தவர்களுக்குக் கூடுதலாக ஏறிய எடை அரை கிலோவுக்கும் குறைவு. ஆனால் சராசரி என்பது சராசரிதான். சிலருக்கு எதுவுமே ஏறாது, சிலருக்குப் பல கிலோ ஏறும். அதே ஆய்வில் புப்ரோப்பியான் என்ற மருந்துக்குத்தான் எடை ஏற்றம் மிகக் குறைவு. அதற்காக அதையே கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். வலிப்பு வந்தவர்களுக்கும், உணவுக் கோளாறு (எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பது, அளவுமீறித் தின்று வாந்தியெடுப்பது போன்ற மனநலச் சிக்கல்) இருந்தவர்களுக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்து தனிக் கதை, அது பசியைத் தூண்டி எடையை ஏற்றக்கூடியது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் இந்தப் பக்கம்தான். எனக்குத் தூக்கம் சரியாகவில்லை என்று பின்னர் மிர்டாசபினுக்கு மாற்றினார்கள். இது நம்மை விழிப்போடு வைக்கிற ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையையும், பசியை அடக்குகிற ஒரு செரட்டோனின் வழியையும் தடுக்கிறது. அதனால் தூக்கமும் வரும், பசியும் வரும். அந்தப் பசி சாதாரணப் பசி இல்லை. வயிறு நிறைந்த பிறகும் கை இனிப்பைத் தேடும். இது மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து செய்கிற வேலை அது. அதனால் உறுதியோடு போராடுவதைவிட ஏற்பாடு செய்துகொள்வதே பலன் தரும். மாத்திரையைப் போட்டுப் பல் துலக்கி உடனே படுத்துவிடுவேன். பசி கிளம்பும்போது தூங்கியிருப்பேன். பகலில் பட்டினி கிடக்கக் கூடாது, கிடந்தால் இரவில் இரட்டிப்பாகத் தாக்கும். ஒவ்வொரு வேளையும் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கொஞ்சம் இருந்தால் தாங்கும். இனிப்புகளைக் கண்ணில் படாமல் வைக்கும்படி வீட்டில் சொல்லிவிட்டேன். வாய் உலர்வதையும் பசி என்று நினைத்துவிடுவோம், எனவே முதலில் தண்ணீர், இனிப்புப் பானம் வேண்டாம். எடை மிகவும் குறைந்து, தூங்கவும் முடியாமல் இருப்பவருக்கு இதே குணத்துக்காகவே டாக்டர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு.

எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். ஒரே கிழமை, காலையில், கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடும் முன். தினமும் ஏறி நிற்காதீர்கள். உப்பு, நீர், மாதவிடாய் இவற்றாலேயே ஒன்றிரண்டு கிலோ கூடிக் குறையும். தொடக்க எடையில் 5 சதவீதம் மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்: 60 கிலோ இருந்தவருக்கு அது 3 கிலோ. ஏறினாலும் இறங்கினாலும் இதே கணக்கு. முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள் வீட்டில் எடை பார்க்கவே வேண்டாம், கிளினிக்கில் அவர்களே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

நடை எடைக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. முடிகிற அளவு நடங்கள்.

எடை பிடிக்கவில்லை என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியது மறந்துவிடும், அதனால் எழுதிக்கொண்டு போங்கள்: ‘மாத்திரை தொடங்கியபோது இவ்வளவு எடை, இப்போது இவ்வளவு. மனசு தேறியிருக்கிறது, ஆனால் இந்த எடையோடு என்னால் மாத்திரையைத் தொடர முடியாது என்று தோன்றுகிறது. வேறு வழி இருக்கிறதா?’ வழிகள் இருக்கின்றன: அளவை மாற்றுவது, படிப்படியாக வேறு மருந்துக்குப் போவது, மனநல ஆலோசனையைச் சேர்ப்பது. தைராய்டும் சர்க்கரையும் பரிசோதித்தீர்களா என்றும் கேளுங்கள். எடை மாறுவதற்கு அவையும் காரணமாகலாம்.

அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. வயதானவர்களுக்குக் குமட்டலோடு தலைவலியும் குழப்பமும் சேர்ந்து வருவது. அப்படி வந்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருக்கலாம். பசியும் தூக்கமும் இல்லாமலேயே அளவுகடந்த உற்சாகம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் முதல் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் இதை வீட்டாரும் கவனிக்க வேண்டும். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள்.