லேப் நேரப் பட்டியலை நம்பி கார் வாங்குகிறவர்களுக்கு

டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, புதிதாக வருகிறவர்கள் பலர் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கார், மறுபக்கம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை ஒரு சுற்று வர அது எடுத்த நேரம் (லேப் நேரம்). டயரில் காற்று பார், பிரேக் ஆயிலை மாற்று என்பதெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். இந்தப் பட்டியலைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை.

வெவ்வேறு சுற்றுகளின் நேரத்தை ஒப்பிடுவது

ஒரு தம்பி காட்டினார்: போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் 6:43.300, மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸ் 6:43.616. "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. போர்ஷேக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இந்த நேரங்களை எடுக்கும் நார்ட்ஷ்லைஃப என்ற நூர்பர்க்ரிங் பாதையின் முழுச் சுற்று 20.832 கி.மீ. ஆனால் கார் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக, டி13 பார்வையாளர் மாடத்தை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு 20.6 கி.மீ.க்குத்தான் நேரம் எடுத்தன. 2019 முதல் முழுச் சுற்றுதான் அதிகாரபூர்வம். பழைய நேரங்களோடு ஒப்பிட வசதியாக இரண்டையும் வெளியிடும் வழக்கமும் வந்தது. விடுபடுவது 232 மீட்டர்தான், ஆனால் அதைக் கடக்க இந்தக் கார்களுக்கே கிட்டத்தட்ட நாலரை நொடி ஆகிறது.

தம்பியின் பட்டியலில் போர்ஷேக்கு இருந்தது முழுச் சுற்றின் நேரம், ஏஎம்ஜிக்கு இருந்தது குறுகிய சுற்றின் நேரம். முழுச் சுற்றில் ஏஎம்ஜி எடுத்தது 6:48.047. அப்படியென்றால் போர்ஷே 4.7 நொடி முன்னால், அவருக்கு லாபம்தானே? அதுவும் இல்லை. 2021 ஜூனில் போர்ஷே ஓட்டுநர் லார்ஸ் கெர்ன் அந்த நேரத்தை எடுத்த காரில் மான்டை நிறுவனத்தின் கிட், அதாவது தனியாக வாங்கி மாட்டும் பாகங்களின் தொகுப்பு, இருந்தது. சஸ்பென்ஷனும், காற்றோட்டத்தைக் கையாளும் ஏரோ பாகங்களும் வேறு. தம்பி அட்வான்ஸ் கொடுத்ததோ கிட் இல்லாத காருக்கு. அந்தக் கார் 2017-ல் 20.6 கி.மீ.க்கு எடுத்தது 6:47.3. அதே தூரத்துக்கு ஏஎம்ஜி 6:43.6. ஆக, அவர் வாங்கப்போகும் கார் மூன்றரை நொடிக்கு மேல் பின்தங்கியது. கிட்டை அப்புறம் மாட்டலாம் என்றால், அந்தச் செலவையும் காரின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

எத்தனை கி.மீ., எந்த ஆண்டு, காரில் என்ன மாட்டியிருந்தது என்று தெரியாத நேரத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

டயரை மறப்பது

மேலே சொன்ன கிட் போர்ஷே, ஏஎம்ஜி இரண்டும் ஓடியது மிஷெலின் கப் 2 ஆர் டயரில். சூடேறிய பிறகுதான் முழுப் பிடிப்பைத் தரும், சீக்கிரம் தேயும், மழையில் ஆபத்து. சாதாரண ரோடு டயரோடு வரும் காரை இவற்றோடு ஒப்பிட்டால், பாதி ஒப்பீடு டயர்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

வானிலை

ஏஎம்ஜி ஓடியது நவம்பர் குளிரில், கிட் போர்ஷே ஜூனில். தூரமும் டயரும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே நிலைமையில் எடுத்த நேரங்கள் அல்ல.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

2021-ல் வந்த போர்ஷே 911 ஜிடி3-க்கு 510, ஃபோர்டு மஸ்டாங் ஜிடிடிக்கு 815. முழுச் சுற்றில் ஜிடி3 எடுத்தது 6:59.927. ஜிடிடி 2024-ல் எடுத்தது 6:57.685. முந்நூறு கூடுதல் குதிரைகளுக்குக் கிடைத்தது இரண்டே கால் நொடி.

ஷோரூம் விலையோடு நிறுத்துவது

நீங்கள் ஒப்பிடும் இரண்டு கார்களுக்கும் ஒரு செட் டயர், பிரேக் பேட், கார்பன்-செராமிக் பிரேக் டிஸ்க் விலையை எழுதி வாங்குங்கள். டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு, வாங்கும்போது மலிவாகத் தெரிந்த கார் இங்கேதான் செலவை இழுக்கும்.

இன்ஷூரன்ஸ்

டிராக்கில் ஆன சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.