தேன் பூண்டு இறால்: தண்ணீர் விடாமல், ரப்பராகாமல்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் சாப்பிட உட்கார வேண்டும் என்றால் இறாலை விட்டால் வேறு வழி இல்லை. கோழி ஊற வேண்டும், ஆட்டுக்கறிக்கு விசில் எண்ண வேண்டும். இறாலுக்கு அடுப்பில் மூன்று நிமிடம் போதும். ஆனால் கெடுவதும் அந்த மூன்று நிமிடத்தில்தான்.

தேன் பூண்டு இறாலுக்கு எங்கும் குறிப்புகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் போட்டுக் கிளறச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் இறால் தண்ணீர் விடும், சாஸ் நீர்த்துப் போகும். அது வற்றட்டும் என்று காத்திருப்பதற்குள் இறால் ரப்பராகிவிடும். எங்கள் வீட்டில் இது சரியாக வர ஆரம்பித்தது, இறாலையும் சாஸையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். சோறு வைப்பது உங்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

மூன்று பேருக்குத் தேவையானவை

சுத்தம் செய்த இறால் அரை கிலோ (தலை, ஓடு போனால் எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், அதனால் முழு இறாலாக ஒரு கிலோ வாங்குங்கள்). தேன் மூன்று மேசைக்கரண்டி, லைட் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி. நாட்டுப்பூண்டு பத்துப் பல். கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் ஐந்தே போதும், காரம் அதிகம். இஞ்சி ஒரு சிறு துண்டு, இடித்த வரமிளகாய் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் கொஞ்சம், அரை எலுமிச்சம்பழம், கடலெண்ணெய், சுண்டைக்காய் அளவு வெண்ணெய். சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

கார்ன்ஃப்ளவர் வேண்டாம். தேனே கெட்டியாகும். மாவு போட்டால் பளபளப்பு போய் ஒரு கொழகொழப்பு வந்துவிடும்.

இறால் வாங்குவது

கிலோவுக்கு 30 முதல் 40 நிற்கிற அளவு வாங்குங்கள். பொடி இறால் தொக்குக்கு நல்லது, இதற்கு ஆகாது. மேலே நிறம் ஏறுவதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும்.

கடல் இறால் கிடைத்தால் நல்லது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. அப்போது சந்தையில் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வனாமிதான் இருக்கும். 2009 முதல் இந்தியாவில் வளர்க்கப்படுகிற இனம் அது. அதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. இந்தச் சமையலுக்கு நான் வனாமியைத் தயங்காமல் எடுப்பேன். சதை லேசான இனிப்போடு இருக்கும், எல்லாம் ஒரே அளவில் வருவதால் ஒரே நேரத்தில் வேகும்.

தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து தொங்கினால் வாங்காதீர்கள். இறாலின் செரிமான உறுப்பு தலைப் பகுதியில் இருக்கிறது. இறந்த பிறகு அதிலிருந்து கசியும் நொதிகள் பக்கத்துச் சதையை மாவாக்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலையை எடுக்கச் சொல்வது அதனால்தான்.

முதுகைச் சின்னக் கத்தியால் லேசாகக் கீறி, கருப்புக் குடலை எடுத்துவிடுங்கள். கீறல் ஆழமாக வேண்டாம். வால் ஓட்டை விட்டுவைத்தால் பிடித்துச் சாப்பிட வசதி. தலையையும் ஓட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அருமையான சாறு கிடைக்கும். சாஸுக்கு மூன்று மேசைக்கரண்டி எடுத்துக்கொண்டு, மீதியை மறுநாள் புளிக்குழம்பில் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்த குழம்பு பக்கத்தில் நிற்க முடியாது.

தண்ணீர் விடாமல் இருக்க

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கழுவிய இறாலை வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு ஒற்றுங்கள். துணி நன்றாக நனையும், அவ்வளவு தண்ணீர் இருக்கும்.

இப்போது உப்பையும் சமையல் சோடாவையும் தூவி, கையால் நன்றாகப் பிசறி, ஃபிரிட்ஜில் கால் மணி நேரம். இறாலில் சோடாவா என்று முகம் சுளிக்காதீர்கள். சோடா காரத்தன்மை உள்ளது. சதையில் இருக்கும் புரதம் சூட்டில் ரொம்ப இறுகாமல் பார்த்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் நீரைப் பிடித்துவைக்கும். கடித்தால் மொறுக்கென்று விட்டுக்கொடுக்கும், அந்தப் பதம் இதனால்தான் வருகிறது. மேலே சீக்கிரம் சிவக்கவும் உதவும். அளவு மட்டும் தாண்டக் கூடாது, தாண்டினால் சோப்பு வாடை வரும். அரை கிலோவுக்குக் கால் தேக்கரண்டி, அதுவும் தலைதட்டி.

அடுப்புக்குப் போகும் முன் மறுபடி ஒருமுறை துணியால் ஒற்றிவிடுங்கள். கழுவ வேண்டாம்.

சாஸ்

இறால் ஃபிரிட்ஜில் இருக்கும் நேரத்தில் இதை முடித்துவிடலாம். இதற்கு எவர்சில்வர் வாணலி நல்லது. இரும்பில் செய்தால் எலுமிச்சைப் புளிப்பும் சோயாவும் சேர்ந்து, நீங்கள் பழக்கி வைத்த மேல்படலத்தை எடுத்துவிடும்.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய பூண்டையும் இஞ்சியையும் சிறு தீயில் போடுங்கள். பூண்டின் ஓரம் பொன்னிறத்தைத் தொட்டதும் வரமிளகாய், உடனே சோயா சாஸ், ஓட்டுச் சாறு. ஒரு கொதி வந்த பிறகு தேன். தேனை முதலிலேயே ஊற்றாதீர்கள். தேனில் இருக்கும் பழச்சர்க்கரை, காபியில் போடும் சீனியை விடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும். கருகினால் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. இரண்டு நிமிடம் கொதித்ததும், இன்னும் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். உப்பு போட வேண்டாம். சோயாவிலும் இறாலிலும் ஏற்கெனவே இருக்கிறது.

இறால்

நான்ஸ்டிக் தவாவை ஓரமாக வையுங்கள். தேவையான சூடு அதற்கு ஆகாது. நம் வீட்டு இரும்புத் தோசைக்கல் இதற்கென்றே செய்தது மாதிரி வேலை செய்யும். அகலமாக இருப்பதால் ஆவி தங்காது, கனமாக இருப்பதால் குளிர்ந்த இறாலைப் போட்டாலும் சூடு இறங்காது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுகிற அளவுக்குக் காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் ஊற்றிப் பரப்புங்கள்.

இறாலை ஒன்றோடு ஒன்று படாமல் ஒரே அடுக்காக வையுங்கள். அரை கிலோ ஒரே தடவையில் கொள்ளாது, இரண்டு ஈடாகப் போடுங்கள். வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளறாதீர்கள், நகர்த்தாதீர்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகும், அடிப்பக்கம் பழுப்பேறும். திருப்பிப் போட்டு இன்னொரு முக்கால் நிமிடம். நடுவில் கண்ணாடி போலத் தெரியும் சாம்பல் நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். சாஸில் அது வெந்துகொள்ளும். இறால் பிறையாக வளைந்திருந்தால் சரி. தலையும் வாலும் தொட்டு வட்டமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

சேர்ப்பது

சாஸ் வாணலியை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். தட்டில் இறால் விட்டிருக்கும் கொஞ்சம் சாற்றையும் அதில் ஊற்றுங்கள், ருசியெல்லாம் அதில்தான். பொடிக் குமிழிகள் மறைந்து பெரிய, சோம்பலான குமிழிகள் வரும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது ஒரு நொடி நின்று பிறகு மூட வேண்டும். அதுதான் பதம். இறாலைக் கொட்டி, இருபது முப்பது நொடி புரட்டி, அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சையையும் மிளகுத்தூளையும் சேருங்கள். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயிலேயே திகட்டிவிடும்.

சுடுசோறு, பக்கத்தில் வெள்ளரிக்காய். என் விருப்பம் பச்சரிசிச் சோறு, சாஸ் ஒட்டிக்கொள்ளும். பாசுமதியில் வழிந்து அடிக்குப் போய்விடுகிறது.

பிற்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

உறைந்த இறாலில் செய்தவர்கள் சிலர் தண்ணீர் நிற்கவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பையை நன்றாக மூடி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போடலாம். வெந்நீர் கூடாது. பாக்கெட்டில் இருக்கும்போதே இறால் இளஞ்சிவப்பாக இருந்தால் அது ஏற்கெனவே வேகவைத்தது. அதை வைத்து இதைச் செய்ய வேண்டாம், எப்படிச் செய்தாலும் ரப்பர்தான்.

டார்க் சோயா மட்டுமே இருக்கிறது என்றால் ஒரு மேசைக்கரண்டி போதும். கூட ஒரு கரண்டி ஓட்டுச் சாறு ஊற்றி, கடைசியில் உப்பு பாருங்கள். நிறம் கருப்பாகத்தான் வரும், பரவாயில்லை.

தேனுக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அதே மூன்று மேசைக்கரண்டி. ருசி வேறு திசைக்குப் போகும், அதோடு வரமிளகாயைக் கூட்டினால் நன்றாக இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சாஸைத் தொட்டு நாக்கில் வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். அந்த வயதில் தேன் ஆபத்து, கொதிக்க வைத்தாலும் அதே ஆபத்துதான்.

மிச்சமானதை மறுநாள் சூடு பண்ண வேண்டாம். சோறு, முட்டை, வெங்காயத்தாள் போட்டு வறுத்து, அடுப்பை அணைத்த பிறகு இறாலை அதில் கலந்துவிடுங்கள். அந்தச் சூடே போதும்.