கையால அடிச்ச கொக்கி ஏன் முறியுது? சின்னப் பட்டறையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்கா சின்னதா ஒரு உலை போட்டு சட்டை மாட்டுற கொக்கி, மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, இலை வச்ச சாவிக்கொத்துன்னு அடிக்க ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குறது சுத்தியல எப்படிப் பிடிக்கணும்னுதான், ஆனா நான் பார்த்த வரைக்கும் பொருள் கெட்டுப்போறது அடிக்கத் தெரியாததால இல்ல, எடுத்த இரும்பு சரியில்லாததாலயும், சூடு போன பிறகு "இன்னும் ரெண்டே அடி"ன்னு போட்ட அடியாலயும்தான்.

இரும்புல இருந்தே ஆரம்பிக்கலாம். கால்வனைஸ் பண்ண பைப், போல்ட், சங்கிலி எதையும் உலைல வைக்காதீங்க. மேல பூசியிருக்கறது துத்தநாகம், அது 907 டிகிரி செல்சியஸ்ல கொதிச்சு ஆவியாகிடும், நாம அடிக்கிற சூடு பெரும்பாலும் அதுக்கும் மேல. வெள்ளையா புகை வரும், அதை சுவாசிச்சா அப்பவே ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுத்தான் குளிர் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். குரோம் பூச்சும் வேண்டாம். காட்மியம் பூச்சு இன்னும் மோசம், அந்தப் புகை உயிரையே எடுத்துடும். என்ன பூச்சுன்னு தெரியலயா, அதை ஓரமா வச்சுட்டு பூச்சு இல்லாத மைல்ட் ஸ்டீல் (கார்பன் கம்மியான சாதா ஸ்டீல்) கம்பி எடுத்துக்கோங்க.

இப்ப சூடு. நான் ஆரம்பத்துல அடிச்ச ஒரு இலைக் கொக்கி பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, சுவத்துல மாட்டி பை ஒண்ணு தொங்கவிட்டேன், கொஞ்ச நாள்ல இலையும் காம்பும் சேர்ற இடத்துல டக்குன்னு முறிஞ்சிடுச்சு. முறிஞ்ச முகத்தை வெளிச்சத்துல பார்த்தா பாதி கறுப்பா இருக்கு, பாதி பளபளன்னு இருக்கு. கறுப்பா இருந்த பாதி அடிக்கும்போதே விரிசல் விட்டு உள்ள செதில், அதாவது சூட்டுல இரும்பு மேல உண்டாகுற கறுப்புப் படலம், படிஞ்ச இடம், பளபளப்பு மட்டும்தான் அன்னிக்கு உடைஞ்சது, அதாவது பாதி கம்பியிலதான் அந்தப் பை தொங்கிட்டு இருந்திருக்கு! காரணம் ரெண்டு. காம்பைப் பிரிக்க, இரும்பை வச்சு அடிக்கிற பட்டடைக்கல்லோட கூரான விளிம்புல வச்சு அடிச்சேன், அது கத்தி மாதிரி வெட்டி வச்சிடுச்சு, கொஞ்சம் உருட்டிவிட்ட விளிம்புல வச்சிருக்கணும். ரெண்டாவது, சிவப்பு அணைஞ்ச பிறகும் உளியால இலை நரம்பு போட்டுட்டே இருந்தேன். 200-லிருந்து 350 டிகிரி வரைக்கும் நீலச் சூடுன்னு சொல்ற நிலைமை, அப்ப இந்த மாதிரி ஸ்டீல் ஆறிப்போன இரும்பை விடவே சுலபமா உடையும். சிவப்பு மங்கினா திரும்ப உலைக்குத்தான், இலை சின்னதா மெல்லிசா இருக்கறதால சீக்கிரமே ஆறிடும், பத்து தடவை போகணும்னாலும் போங்க. அதுக்காக மறந்து உள்ளயே விட்டுடாதீங்க, பொறி பறக்க ஆரம்பிச்சா அந்த முனை எரிஞ்சுபோச்சு, வெட்டித்தான் போடணும்.

பழைய வண்டி ஸ்பிரிங்ல கொக்கி அடிக்கிறவங்க சிவப்பா இருக்கும்போதே தண்ணில முக்கிடுறாங்க. கார்பன் அதிகமான ஸ்டீல் அது, கண்ணாடி மாதிரி கடினமாகி சுலபமா உடையும், முக்கும்போதே கூட வெடிக்கும். கொக்கிக்கு அந்தக் கடினமே தேவையில்ல, தானா ஆறட்டும்.

ஸ்க்ரூ ஓட்டைய வளைக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. ஓரங்களை அரம் போட்டு மழுக்குங்க, இல்லன்னா மாட்டுற துணியெல்லாம் கிழியும்.

கடைசில ஃபினிஷ். செதிலை வயர் பிரஷ்ல நல்லா தேய்ச்சு எடுக்காம தேன்மெழுகு பூசினா, செதில் உதிரும்போது மெழுகும் சேர்ந்து போய் அங்கதான் முதல்ல துரு பிடிக்கும். தொட்டதும் மெழுகு உருகி லேசா புகையற சூடு சரி, ரொம்ப சூடுன்னா எரிஞ்சுபோயிடும், ஆறிட்டா பிசுபிசுன்னு நிக்கும். கறுப்பா இருக்கேன்னு வெறுங்கையில எடுத்துடாதீங்க, 400 டிகிரியில கூட வெளிச்சத்துல பார்த்தா இரும்பு கறுப்பாத்தான் தெரியும், புறங்கைய கிட்ட கொண்டுபோய் அனல் பார்த்துட்டு எடுங்க. மெழுகு பூச்சு வீட்டுக்குள்ள மாட்டுறதுக்குத்தான், மழை படுற இடத்துக்கு பிரைமரும் பெயிண்டும் அடிச்சே ஆகணும்.

மெழுகுக்குப் பதிலா ஆளிவிதை எண்ணெய் பூசறவங்க அந்தத் துணிய சுருட்டி மூலைல போடவே கூடாது. எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டின துணியில அது வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும். விரிச்சு வெளியில காயப்போடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்தி மூடின தகர டப்பாவுல போட்டு வைங்க.