வீட்டிலிருந்தே ஓசூர் ஆபீஸ் டேலியைத் திறக்க விண்டோஸில் விபிஎன் அமைப்பது எப்படி?

வேலை ஓசூர் சிப்காட் பக்கம், வீடு தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ. மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று வரும்போது, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் கணினி தேவைப்படும். அதற்காகப் பல சிறிய ஆபீஸ்களில் ரவுட்டரில் 3389 போர்ட்டை வெளியே திறந்து விட்டுவிடுகிறார்கள். ஆபீஸ் கணினியின் திரையை வேறிடத்திலிருந்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அந்தப் போர்ட்டில்தான் இயங்குகிறது. திறந்திருக்கும் 3389-ஐ இணையத்தில் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒன்று உள்ளே நுழைந்தால் போதும், டேலி டேட்டா மொத்தத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். தயவுசெய்து அந்த வழி வேண்டாம். விபிஎன் என்பது வீட்டுக் கணினியை இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி. அது இருந்தால் அந்தப் போர்ட்டை வெளியே திறக்கவே தேவையில்லை.

முதலில் ஆபீஸில் நெட்வொர்க் பார்ப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: சர்வர் முகவரி, விபிஎன் வகை, யூசர் நேம், பாஸ்வேர்டு, உங்கள் ஆபீஸ் கணினியின் ஐபி எண். வகை எல்2டிபி என்றால் ப்ரீ-ஷேர்டு கீ என்ற, முன்கூட்டியே பகிரப்படும் ரகசியச் சாவியும் வேண்டும். அவர் பிபிடிபி என்று சொன்னால், மாற்றித் தரச் சொல்லுங்கள். அதன் பாதுகாப்பை உடைக்க முடியும் என்பது 2012-லேயே தெரிந்துவிட்டது. கிடைத்தால் ஐகேஇவி2 என்ற வகையைக் கேளுங்கள்.

சரி, வீட்டுக் கணினிக்கு வருவோம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், விபிஎன் என்று போய் ‘ஆட் விபிஎன்’ அழுத்துங்கள். புரொவைடர் என்ற இடத்தில் விண்டோஸ் பில்ட்-இன். கனெக்‌ஷன் நேம் உங்கள் விருப்பம். சர்வர் முகவரியை மட்டும் ஆபீஸில் தந்தபடியே எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். ஐகேஇவி2-வில் சர்வரின் சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் அடித்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் 13801 என்ற பிழை வரும். பிறகு வகை, யூசர் நேம், பாஸ்வேர்டு. சேவ் செய்து கனெக்ட் அழுத்துங்கள்.

இணைந்ததும் ஸ்டார்ட்டில் ரிமோட் டெஸ்க்டாப் என்று தேடித் திறந்து, ஆபீஸ் கணினியின் ஐபி எண்ணைக் கொடுங்கள். வீட்டில் விண்டோஸ் ஹோம் இருந்தால் போதும். ஆபீஸ் கணினியில்தான் ப்ரோ வேண்டும்.

691 என்று வந்தால் யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு. 809 வந்தால் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வாலோ ரவுட்டரோ தடுக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் இணைந்துவிட்டால் தடை வீட்டு மோடம் பக்கம்தான்.

பலரையும் குழப்பும் சிக்கல் வேறு. விபிஎன் ‘கனெக்டட்’ என்று காட்டும், ஆனால் ஆபீஸ் கணினி திறக்காது. கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்து வீட்டின் ஐபி எண்ணைப் பாருங்கள். வீட்டிலும் 192.168.1 என்று தொடங்கி, ஆபீஸிலும் அதே 192.168.1 என்றால் காரணம் அதுதான். நீங்கள் கேட்கும் எண் ஆபீஸில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது, வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு நின்றுவிடும். வீட்டு மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, லேன் முகவரியை (வீட்டு நெட்வொர்க்குக்குள் மோடத்தின் ஐபி எண்) 192.168.77.1 என்று மாற்றி மோடத்தை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தப் பக்கம் பூட்டியிருந்தால் ஃபைபர் இணைப்பு கொடுத்தவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் சிசிடிவி கேமராவோ பிரிண்டரோ பழைய எண்ணில் நிலையாக வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், பிளே ஸ்டோரில் கிடைக்கும் இலவச விபிஎன் ஆப்கள் இந்த வேலைக்கு உதவாது. அவை உங்களை யாரோ ஒருவரின் சர்வருக்குத்தான் கொண்டுபோகும், உங்கள் ஆபீஸுக்கு அல்ல. கணக்கு வேலை செய்யும் கணினியில் அவற்றைப் போடவே போடாதீர்கள்.

ஐகேஇவி2 கேட்கச் சொன்னதற்கு நம் ஊருக்குப் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். உடனே செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால், சர்வரும் இந்த வசதியை ஆதரிக்கும்போது, ஐகேஇவி2 மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் அதே இணைப்பைத் தொடரும். அறுந்த இணைப்பு திரும்பக் கிடைக்க விண்டோஸ் இயல்பாக 30 நிமிடம் வரை காத்திருக்கும்.