கண்டெடுத்த பொருளில் நகை செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய டிக்கி காசு (தென்னாப்பிரிக்காவின் மூன்று பென்னி வெள்ளி நாணயம்), அலையில் தேய்ந்த பாட்டில் கண்ணாடி, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவி. இங்கே டர்பன் நகரில் இப்படிப்பட்ட பொருள்களைக் கோத்து நகை செய்ய நம்மவர்களும் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் தவறு பொருள் கைக்கு வந்த அன்றே நடந்துவிடுகிறது: பளபளவென்று மெருகேற்றிவிடுவது.

டிக்கியில் ராஜாவின் முகம் பாதி மழுங்கியிருந்தால், அதை மழுங்கவைத்தது எத்தனையோ பேரின் விரல்கள். பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் அதெல்லாம் போய் வெறும் வெள்ளி வட்டம்தான் மிஞ்சும். அதைக் கடையிலேயே வாங்கியிருக்கலாமே! சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். சுவிட்சர்லாந்து நகைக் கலைஞர் பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர் உடைந்த பாட்டில் துண்டுகளைக் கழுத்தணியாகவே கோத்தவர். பார்த்தவுடன் உடைந்த கண்ணாடி என்று தெரியும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், தோலில் படும் விளிம்பை மட்டும் தேய்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நெருப்பு. எதையும் பற்றுப்பொடி வைத்து, நெருப்பை ஊதி ஒட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். டிக்கியில் பொறித்த வருடத்தை முதலில் பாருங்கள். 1923 முதல் 1950 வரை அடித்தவற்றில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1951 முதல் 50 பங்குதான். மீதியில் பெரும்பகுதி செம்பு. சூடு பட்டால் கறை கிளம்பும், அப்புறம் அதை எடுக்கத் தேய்த்துத் தேய்த்து முகத்தையே இழக்க வேண்டியதுதான். கடல் கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். துத்தநாகம் பூசிய ஆணியைக் காய்ச்சினால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். டெலிபோன் வயரின் பிளாஸ்டிக் உறையும் நெருப்புக்கு ஆகாது. நெருப்பு வேலையை முழுக்க முடித்துவிட்டு, கண்டெடுத்த பொருளைக் கடைசியில் கம்பியால் கட்டுங்கள், அல்லது வெள்ளிப் பட்டையைச் சுற்றி விளிம்பை மடித்துப் பிடியுங்கள்.

குன்றிமணியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தங்கத்தை இதில் எடைபோட்ட பத்தர்களின் வழிவந்தவர்களுக்கு இதன்மேல் ஆசை வருவது இயல்பு. டர்பன் இருக்கும் நட்டால் பகுதியிலும் இது விளைகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஏப்ரின் கடுமையான விஷம். கெட்டியான மேல்தோல் இருக்கும்வரை பரவாயில்லை. துளை போட்டால் விஷத் தூள் பறக்கும், துளைத்த மணியைக் குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. துளைக்காமல் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அடைத்துத் தொங்கவிடுங்கள். முருக்க மர விதையும் இங்கே அதிர்ஷ்ட மணி என்ற பெயரில் விற்கிறது, அதுவும் விஷம்தான்.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். இந்த மண்ணின் ஜூலு மக்கள் செய்யும் மணி வேலையைப் பார்த்து, சிவப்பென்றால் இது, வெள்ளையென்றால் அது என்று சுற்றுலாக் கடை அட்டையை அப்படியே ஒப்பிப்பவர்கள் உண்டு. அந்த அர்த்தங்கள் ஊருக்கு ஊர் மாறும். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். தெரிந்த ஜூலு பெண்ணிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதைவிட மோசம், கதை கட்டுவது. 1860 நவம்பரில், நம் ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலில் வந்த பாட்டியின் வளையல் என்று சொன்னால் விலை கூடும்தான். இசிப்பிங்கோ கடற்கரையில் பொறுக்கியதை இசிப்பிங்கோவில் பொறுக்கியது என்றே சீட்டில் எழுதுங்கள்.

பாட்டியின் தாலியை உருக்கிப் பதக்கம் செய்யக் கேட்டு வருபவர்களும் உண்டு. வீட்டில் மற்ற பேத்திகளுக்குத் தெரியுமா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு சட்டம்: உருக்கிய தங்கத்தைக் கட்டியாக வைத்திருக்க 2005ஆம் ஆண்டின் விலையுயர்ந்த உலோகச் சட்டப்படி அனுமதி வேண்டும். வீட்டு அடுப்படியில் உருக்குவது வம்பு. அனுமதி உள்ள நகைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

கடற்கரையில் பொறுக்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. போர்ட் எட்வர்ட் பக்கம் 1552இல் உடைந்த சாவோ ஜோவாவோ என்ற போர்ச்சுகல் கப்பலின் சீனப் பீங்கானும் சூதுபவள மணிகளும் கரையில் கிடைத்திருக்கின்றன. 60 வருடத்துக்கு மேற்பட்ட கப்பல் சிதைவும் அதைச் சேர்ந்த பொருள்களும் 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நீலப் பூ போட்ட பீங்கான் துண்டோ பழைய மணியோ கண்ணில் பட்டால், எடுக்காமல் போட்டோ பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.