வாசகர் போனில் மைனிங் ஓட்டுவதற்கு முன்

ராயபுரம், வியாசர்பாடி பக்கத்துச் செய்திகளுக்கென்று வெப்சைட் நடத்தும் பசங்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது: "விளம்பரமே வேணாம்ணா. வர்றவங்க சிபியுல கொஞ்சம் எடுத்து கிரிப்டோ மைனிங் ஓட்டினா போதாதா?"

மைனிங் என்றால், கணினியை விடாமல் கணக்குப் போட வைத்து, அதற்குக் கூலியாகக் கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசு பெறுவது. யோசனை பழசு. 2017 செப்டம்பரில் வந்த காயின்ஹைவ் என்ற சேவை இதைத்தான் செய்தது. பக்கம் திறந்திருக்கும்வரை வாசகரின் கருவி மொனேரோ என்ற கிரிப்டோ காசுக்குக் கணக்குப் போடும். வருவதில் 70 சதவீதம் தளத்துக்கு. 2019 மார்ச்சில் கடையை மூடிவிட்டார்கள்.

பலரும் சறுக்குவது வரவுக் கணக்கில். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துப் பெருக்குகிறார்கள். காசு வருவதோ அவர்கள் இருந்த நேரத்துக்கு. காசிமேட்டு மீன் விலை பார்க்க வருபவர் ஒரு நிமிடம் இருந்தாலே அதிகம். நாளுக்கு 1,440 நிமிடம். ஆக, 1,440 பேர் வந்து போனால் ஒரே ஒரு கருவி ஒரு நாள் ஓடிய வரவுதான். அதுவும் விலை குறைந்த போன். போதாததற்கு, 2019 நவம்பரில் மொனேரோ, ரேண்டம்எக்ஸ் என்ற வேறு கணக்கு முறைக்கு மாறியது. பிரவுசருக்குள் அது நொண்டியடிக்கும். பிட்காயின் பேச்சே வேண்டாம், அங்கே போட்டி அதற்கென்றே செய்த சிப்புகளோடு.

அடுத்தது, கேட்காமல் ஓட்டுவது. 2017இல் பைரேட் பே என்ற டொரண்ட் டவுன்லோடு தளம் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டது. மறு வருடம் சலோன் என்ற அமெரிக்க இணைய இதழ், விளம்பரமா கணினித் திறனா என்று வாசகரையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. யுனிசெஃப் ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய், எவ்வளவு தருவது என்பதையும் வருபவரிடமே விட்டது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் கை வைப்பதைப் பற்றியது அது.

அனுமதி கிடைத்தாலும் முழு வேகத்தில் விடாதீர்கள். மே மாதம், கொருக்குப்பேட்டையில் தகரக் கூரைக்குக் கீழே போன் ஏற்கெனவே கொதிக்கும். சார்ஜரில் இல்லையென்றால் ஓடவே கூடாது.

வெளியாள் ஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தில் ஓடும் நிரல் துண்டை, அப்படியே ஒட்டுவதும் ஆபத்து. 2018 பிப்ரவரியில் பக்கத்தை வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற ஒற்றை ஸ்கிரிப்டில் யாரோ மைனிங் நிரலைச் செருக, 4,000க்கு மேற்பட்ட தளங்களில் அது ஓடியது. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையமே அதில் சிக்கியது!

என்னைக் கேட்டால், எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றிடம் மாத வாடகை பேசி, வாசகரை வேவு பார்க்கும் டிராக்கர் இல்லாத சாதாரண விளம்பரப் படம் ஒன்றைப் போடுங்கள்.