கேரவன் மாட்டும் முன், தகட்டைப் பாருங்கள்

பிரிட்டனில் காருக்குப் பின்னால் கேரவன் (சக்கரம் வைத்த, தங்கும் இழுவை வண்டி) இழுக்க நினைப்பவர்கள், முதலில் காரின் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும் தகட்டைப் பாருங்கள். எடைகள் வரிசையாக அச்சாகியிருக்கும். முதலாவது, ஆளும் சாமானும் ஏற்றிய காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை. 2000, 3500 என்று இருந்தால், கார் நிறைந்திருக்கும்போது 1500 கிலோ வரை இழுக்கலாம். இரண்டாவது எண்ணே இல்லையா? அந்தக் காரை மறந்துவிடுங்கள், அது இழுவைக்கு ஆகாது.

சரி, 1500 என்றால் 1500-க்கே வாங்கிவிடலாமா? வேண்டாம். புதிதாக இழுப்பவர்களுக்கு அங்கே வழக்கமாகச் சொல்வது, கேரவன் எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பதுதான். காரின் வெற்று எடை 1500 கிலோ என்றால் கேரவன் 1275 கிலோ வரை. இது சட்டம் இல்லை, ஆனால் பக்கக் காற்றில் கேரவன் வாலாட்ட ஆரம்பித்தால் கனமான கார்தான் அடக்கும்.

இன்னொன்று, ஒப்பிட வேண்டியது கேரவனின் வெற்று எடையை அல்ல, சாமானோடு அனுமதித்த உச்ச எடையை. கேஸ் சிலிண்டர், முன்கூடாரம், கூடுதல் பேட்டரி என்று சேர்த்தால் நூறு கிலோ சத்தமில்லாமல் ஏறிவிடும். சந்தேகமாக இருந்தால் சாமான் ஏற்றியபின் பக்கத்து எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.